ஃபயர்வால் ஆன்லதானே இருந்துச்சு?

கணக்கு பறிபோன பிறகு, அல்லது கோப்புகளெல்லாம் வாயில் நுழையாத பெயர்களோடு பூட்டிக் கிடக்கும்போது, கணினிக்குச் சொந்தக்காரர் அநேகமாக முதலில் கேட்பது இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் ஃபயர்வாலுக்கு நேரே பச்சை டிக் இருக்கும். திருட்டு நடந்த நேரத்திலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். இன்னொரு பக்கம் கணினிக் கடைகளில் வேறு பாட்டு: விண்டோஸோடு வருவது பேருக்குத்தான், வருஷச் சந்தா கட்டி வாங்கும் செக்யூரிட்டி சூட்டில் இருப்பதுதான் நிஜ ஃபயர்வால். இந்த இரண்டு பேச்சும் என்னை ரொம்ப நாளாக உறுத்துகின்றன. ஃபயர்வாலின் வேலை என்ன என்பதில் இரண்டுமே கோட்டை விடுகின்றன. நாம் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்க விண்டோஸோடு வருவதே போதும். உள்ளே புகுந்துவிட்ட ஒன்று வெளியே பேசுவதைத் தடுக்க, காசு கொடுத்து வாங்கியதும் போதாது. இந்த இரண்டாவது கூற்றுக்கு ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு; அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

அறுபது நொடிக் காலம்

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதே அதற்குள் ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்து வைத்துத்தான் கொடுத்தார்கள். நெட்வொர்க் இணைப்பின் பிராப்பர்ட்டீஸுக்குள் போய், அட்வான்ஸ்டு பக்கத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். யார் போட்டார்கள்? கணினிகள் ஒன்றின் வேலையை இன்னொன்று கேட்டுப் பெற உதவும் ஆர்பிசி என்ற விண்டோஸ் சேவையில் இருந்த ஓட்டைக்கு 2003 ஜூலை 16 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் புழு, அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பரவும் நிரல், அதே ஓட்டை வழியாகக் கிளம்பிவிட்டது. போர்ட் என்பது கணினியில் ஒவ்வொரு சேவைக்குமான எண்ணிட்ட வாசல்; போர்ட் 135-க்கு ஓர் இணைப்பு வந்தால் போதும். யாரும் எதையும் திறக்க வேண்டாம், க்ளிக் செய்ய வேண்டாம். அறுபது நொடியில் கணினி அணையப்போகிறது என்று ஒரு பெட்டி தோன்றி எண் இறங்கிக்கொண்டே வரும். திருத்தத்தைப் பதிவிறக்கி முடிப்பதற்குள் கணினி மறுபடி படுத்துவிடும். அணையும் கட்டளையை ரத்து செய்துவிட்டு, முதலில் ஃபயர்வாலை ஆன் செய்து, அதன் பிறகே திருத்தத்தை இறக்கியவர்கள் பிழைத்தார்கள். 2004 ஏப்ரல் கடைசியில் சாஸர் புழு போர்ட் 445 வழியாக இதே கூத்தை மறுபடி நடத்தியது. அந்த ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலைத் தானாகவே ஆனில் வைத்தது. கணினி எழும்பும்போது நெட்வொர்க் முதலில் உயிர்பெற்று ஃபயர்வால் சேவை பின்னால் வரும் அந்தச் சில நொடி இடைவெளியையும் அதுதான் அடைத்தது.

டயல்-அப் காலத்திலும், பிறகு பிராட்பேண்ட் மோடத்தை பிரிட்ஜ் மோடில் (இணைப்பை அப்படியே கடத்தும் நிலையில்) போட்டுவிட்டுக் கணினியிலிருந்தே டயல் செய்த வீடுகளிலும், பொது ஐபி முகவரி நேராகக் கணினிக்கே வந்துகொண்டிருந்தது. நடுவில் வேறு காவல் கிடையாது. அந்தச் சூழ்நிலைக்காகவே செய்யப்பட்ட கருவி இது. இன்றும் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது: நாம் தொடங்கிய இணைப்புக்கான பதில் என்றால் விடும், தானாக வந்து தட்டுவது என்றால், அதற்கென அனுமதி விதி இல்லாதவரை சத்தமில்லாமல் போட்டுவிடும். இதற்காகத் தனியாக வாங்கும் எதுவும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சூட்டின் ஃபயர்வால் பொறுப்பேற்றால் விண்டோஸின் ஃபயர்வால் ஒதுங்கிக்கொள்ளும். சந்தா முடிந்ததும் பழையது திரும்ப ஆன் ஆகியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

நாமே திறந்துவிடும் கதவுகள்

விதி இருந்தால் விடும் என்றேன். சிக்கல் முழுக்க அங்கேதான். 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர், 2017 மே 12 அன்று வெடித்த வானாகிரை இரண்டுமே போர்ட் 445-ஐப் பிடித்துக்கொண்டவை. கோப்புப் பகிர்வுக்கான போர்ட் அது. பகிர்வு அனுமதி இருந்த கணினியில் ஃபயர்வால் அந்த வழியைத் திறந்தே வைத்திருந்தது, ஏனென்றால் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. வானாகிரை பயன்படுத்திய ஓட்டைக்கு மார்ச் 14-ஆம் தேதியே திருத்தம் வந்துவிட்டது. ஆக அந்த இரண்டு மாதத்தில் காப்பாற்றியிருக்க வேண்டியது விண்டோஸ் அப்டேட்.

வீட்டில் இந்தக் கதவு திறப்பதற்கு முதல் காரணம் பிரிண்டர். புது வைஃபையில் சேரும்போது பப்ளிக்கா பிரைவேட்டா என்பதுதான் முடிவு. பப்ளிக் என்றால் பகிர்வும் அடுத்த கணினிகளுக்குத் தெரிவதும் அடைபடும். அப்போது பிரிண்டர் பட்டியலில் வராது. உடனே பிரைவேட்டுக்கு மாற்றுவார்கள். அதிலும் வராவிட்டால் ஃபயர்வாலையே அணைத்துவிடுவார்கள். இரண்டும் தேவையில்லை. அச்சடிக்கும்போது பிரிண்டரை நோக்கிப் போவது நம் கணினிதான், அது வெளிச்செல்லும் இணைப்பு. ரூட்டரில் சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி பகுதியில் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பிறகு விண்டோஸில் பிரிண்டரைத் தானாகத் தேடவிடாமல், ஐபி முகவரி கொடுத்துச் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பப்ளிக்கிலேயே அச்சு வரும். பிரிண்டரிலிருக்கும் 'ஸ்கேன் டு பிசி' பொத்தான் மட்டும் வேலை செய்யாது, ஏனென்றால் அது பிரிண்டர் கணினியைத் தட்டும் வேலை. ஸ்கேனைக் கணினிப் பக்கமிருந்து தொடங்கினால் தீர்ந்தது.

இரண்டாவது காரணம் அந்த பாப்-அப். ஒரு நிரல் வெளியிலிருந்து வரும் இணைப்புக்காக ஏதாவது போர்ட்டில் காது வைக்கும்போது, அதற்கு விதி எதுவும் இல்லையென்றால், 'அலவ்' என்றும் 'கேன்சல்' என்றும் இரண்டு பொத்தானோடு ஒரு பெட்டி வரும். பலர் நினைப்பது போல இது இணையத்துக்குப் போக அனுமதி கேட்கும் பெட்டி அல்ல. இணையத்துக்குப் போக விண்டோஸ் யாரையும் கேட்பதே இல்லை. வெளியிலிருந்து வந்து தட்டுபவர்களை இந்த நிரலிடம் விடலாமா என்பதுதான் கேள்வி. அலவ் கொடுத்தால் அந்த நிரலுக்கு இணையத்தில் தரவு போகும் இரண்டு முறைகளான டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று என இரண்டு அனுமதி விதிகள் எழுதப்படும், போர்ட் வரம்பு எதுவும் இல்லாமல். கேன்சல் கொடுத்தால் ஒன்றும் நடக்காது என்று நினைக்க வேண்டாம். இரண்டு தடை விதிகள் எழுதப்படும். பின்னால் மனம் மாறி நீங்களே ஓர் அனுமதி விதி சேர்த்தாலும் பலிக்காது, ஏனென்றால் தடை விதியும் அனுமதி விதியும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். கேமில் நண்பர்கள் சேர முடியவில்லை என்று ஃபயர்வாலை அணைக்கச் சொல்லும் யூடியூப் வீடியோக்களில் பாதி, இந்தப் பழைய தடை விதியை அழித்தால் தீரக்கூடியவை.

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, இடப்பக்கம் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' போங்கள். என்றோ நீக்கிய கேம், டோரண்ட் மென்பொருள், வீடியோ அழைப்புச் செயலி எல்லாம் பச்சை டிக்கோடு வரிசையாக நிற்கும். விதி நிரலின் பாதையை மட்டுமே பார்க்கிறது. அந்தப் பாதையில் இருக்கும் கோப்பு அதே கோப்புதானா என்று பார்ப்பதில்லை. 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் எழுத அட்மின் உரிமை வேண்டும், பரவாயில்லை. ஆனால் பயனரின் ஆப்டேட்டா கோப்புறையில் தன்னை நிறுவிக்கொள்ளும் செயலிகள் ஏராளம். அங்கே எந்த உரிமையும் இல்லாத நிரல்கூட எழுதலாம். அதே பெயரில் தன்னை வைத்துக்கொண்டால் அந்த அனுமதி அதற்குச் சொந்தம். புரோகிராம் என்ற நெடுவரிசையில் ஆப்டேட்டா என்று வரும் அனுமதி விதிகளை முதலில் அழியுங்கள். எது இப்போது காது வைத்திருக்கிறது என்று பார்க்க ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பக்கத்தின் அடியில் 'லிஸனிங் போர்ட்ஸ்' பட்டியல் இருக்கிறது. ஃபயர்வால் அதை விடுகிறதா என்பதும் பக்கத்திலேயே இருக்கும்.

வெளியிலிருந்து சோதிக்கும் இணையதளங்களில் 'உங்கள் போர்ட் எல்லாம் மறைந்திருக்கிறது' என்று பச்சையாக வரும் முடிவைப் பார்த்து மகிழ வேண்டாம். அந்தச் சோதனை தட்டியது உங்கள் கணினியை அல்ல, ரூட்டரை. ரூட்டரின் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127 வரையான வரிசையில் தொடங்குகிறதென்றால் ரூட்டரைக்கூட அல்ல, இணைய நிறுவனத்தின் பொதுச் சாதனத்தை. ஃபயர்வாலை அணைத்துவிட்டு அதே சோதனையை ஓட்டினாலும் அதே பச்சைதான் வரும். உண்மையான சோதனைக்கு அதே வைஃபையில் இன்னொரு கணினியிலிருந்து, எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் என்மேப் நிரலை ஓட்டுங்கள். விருந்தினர் வைஃபையில் வேண்டாம், அங்கே சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி ரூட்டரே தடுத்திருக்கலாம். பப்ளிக்கில் இருக்கும் ஆரோக்கியமான கணினி அநேகமாக எல்லாவற்றுக்கும் 'ஃபில்டர்டு' (பதிலே வரவில்லை) என்று காட்டும். 135, 139, 445 திறந்திருந்தால் பகிர்வு அனுமதி இருக்கிறது என்று பொருள்.

ரூட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்கள் மூன்றை மறக்கிறார்கள். மலிவான கேமராவோ டிவி பாக்ஸோ கெட்டுப்போனால் அது ரூட்டருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. லேப்டாப் விடுதி வைஃபைக்கும் போகும். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில், ரூட்டர் முகவரியை மாற்றிக் கொடுத்து உள்ளிருக்கும் கணினியை மறைக்கும் வேலையே இல்லாததால், ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் அணைந்திருந்தால் கணினி மறுபடி 2003-இல் இருந்த இடத்துக்குப் போய்விடும். ரூட்டர் பக்கத்தில் ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா, சாதனங்கள் தாமே ரூட்டரில் வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

விட்டி

2004 மார்ச்சில் நடந்த ஒன்றை இந்த விவாதத்தில் யாரும் இழுப்பதில்லை. இன்டர்நெட் செக்யூரிட்டி சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் பிளாக்ஐஸ், ரியல்செக்யூர் இரண்டும் அன்று மதிப்பான பெயர்கள். பிளாக்ஐஸ் வீட்டுக் கணினிகளிலும் இருந்த ஃபயர்வால். உள்ளே வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் பிரித்துப் படித்து, தாக்குதலா என்று சொல்வது அதன் பெருமை. ஐசிக்யூ என்ற அரட்டைச் சேவையின் பதில்களைப் படிக்கும் பகுதியில் ஒரு நினைவகப் பிழை இருந்தது. பிழை பற்றிய அறிவிப்பு மார்ச் 18 அன்று வந்தது. அமெரிக்க நேரப்படி மறுநாளே விட்டி புழு கிளம்பிவிட்டது. யுடிபி 4000 என்ற போர்ட்டிலிருந்து வருவதாக ஒரே ஒரு பொட்டலம். எந்தப் போர்ட்டுக்கு வந்தது என்பது முக்கியமே இல்லை. எல்லாப் போர்ட்டும் மூடியிருந்தாலும், வீசி எறிவதற்கு முன்னால் ஃபயர்வால் அதைப் படித்தாக வேண்டுமே. படித்த கணத்தில் கணினி புழுவின் கையில். அது 20,000 பொட்டலம் வெளியே அனுப்பும், பிறகு வட்டில் எங்காவது ஓரிடத்தில் குப்பையை எழுதும், மறுபடி 20,000. சுமார் 12,000 கணினிகள் மாட்டின. ஃபயர்வால் போடாதவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இது அபூர்வ விபத்துதான், ஃபயர்வாலே வேண்டாம் என்பதற்கு ஆதாரமல்ல. ஆனால் மென்பொருள் ஃபயர்வாலின் அடிப்படை நிலைமையை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டுவதில்லை: தான் காக்க வேண்டிய கணினியிலேயே ஓடும் இன்னொரு நிரல் அது. 2024 ஆகஸ்டில் விண்டோஸின் ஐபிவி6 பகுதியில் திருத்தப்பட்ட சிவிஇ-2024-38063 என்ற ஓட்டை இதே நிலைமையின் மறுபக்கம். பொட்டலம் விண்டோஸ் ஃபயர்வாலின் கைக்கு வருவதற்கு முன்பே அந்த ஓட்டை தூண்டப்பட்டுவிடும், ஆகவே ஃபயர்வாலில் ஐபிவி6-ஐத் தடுத்தும் பயனில்லை. அப்டேட் ஒன்றே மருந்து.

வெளியே போகும் பேச்சு

உள்ளே நுழைந்துவிட்ட நிரல் விஷயத்தில் இந்த ஒரே-கணினி நிலைமை முழுக்க நமக்கு எதிராகத் திரும்புகிறது. வீட்டுக்குள் வந்து சாவிக்கொத்தையும் எடுத்துக்கொண்டவனிடம் பூட்டின் தரத்தைப் பேசி ஆகப்போவதென்ன? அட்மின் உரிமை கிடைத்த நிரல் தனக்கு வேண்டிய விதியை ஒரே வரியில் தானே எழுதிக்கொள்ளும். சாதாரண நிறுவல் நிரல்களே அதைத்தான் செய்கின்றன, நாம் கவனிப்பதில்லை. 2024-இல் தாக்குதல்களில் தென்படத் தொடங்கிய ஈடிஆர்சைலன்சர் என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே போனது. விண்டோஸ் ஃபயர்வால் எந்த அடித்தளத்தில் நிற்கிறதோ அதிலேயே விதி எழுதி, பாதுகாப்பு மென்பொருள் தன் சர்வரோடு பேசுவதைத் தடுத்தது. திருடன் வெளியே போனான், காவல்காரன் வாய் அடைந்தது.

அட்மின் உரிமை இல்லாவிட்டாலும் வழிக்குப் பஞ்சமில்லை. 2000-களின் தொடக்கத்திலேயே ஸ்டீவ் கிப்சன் என்ற நிரலாளரின் லீக்டெஸ்ட் இதைக் காட்டிவிட்டது: அனுமதி பெற்ற நிரலின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டு வெளியே போய்க் காட்டிய சின்ன நிரல் அது. ஃபயர்வால் செய்பவர்கள் கோப்பின் கைரேகையைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். டூலீக்கி என்ற அடுத்த சோதனை நிரல் வந்தது, தான் வெளியே போகாமல், கண்ணுக்குத் தெரியாத சாளரத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, சொல்ல வேண்டியதை முகவரிக்குள்ளேயே வைத்து அனுப்பியது. போனது எக்ஸ்ப்ளோரர்தானே, ஃபயர்வால் என்ன செய்யும்? இன்று குக்கீகளையும் கடவுச்சொற்களையும் அள்ளும் நிரல்கள் சாதாரண இணையப் பக்கங்கள் வரும் போர்ட் 443 வழியாகவே டெலிகிராமுக்கோ டிஸ்கார்டுக்கோ அனுப்புகின்றன. பின்னணியில் பதிவிறக்கும் விண்டோஸின் பிட்ஸ் சேவையைக் கொண்டு கோப்பை இறக்கவைத்தால், இணையத்தைத் தொட்டது விண்டோஸின் சேவைகளை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் என்றே பதிவாகும். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் என்றால் ஃபயர்வாலுக்கு அது பிரவுசர்தான், வேறு முகமே கிடையாது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, தொலைவிலிருந்து நம் சாதனத்தை இயக்கவிடும் எனிடெஸ்க் செயலியைப் போடவைக்கும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. அங்கே இணைப்பைத் தொடங்குவது நம் சாதனம். தொடங்கச் சொல்வது நாம்.

ஒவ்வொரு நிரலுக்கும் 'விடலாமா?' என்று கேட்கும் ஃபயர்வால்கள் இதற்கு மருந்து என்று ஒரு கட்சி உண்டு. முதல் வாரம் ஆர்வமாகப் படிப்போம். டிஸ்கார்டு போன்ற செயலி ஒவ்வொரு பதிப்புக்கும் புதுக் கோப்புறை போடுவதால், புதுப்பிக்கும்தோறும் பழைய விதி செல்லாமல் போய் மறுபடி கேள்வி வரும். எஸ்விசிஹோஸ்ட் எங்கோ போக வேண்டும் என்று கேட்கும். மறுத்தால் அப்டேட் நிற்கும், இணையதளப் பெயருக்கு முகவரி கண்டுபிடிக்கும் பெயர்த் தேடலே நிற்கும். மூன்றாவது வாரம் கை தானாக அனுமதி பொத்தானுக்குப் போகும். அந்த நிலைக்கு வந்த ஃபயர்வால் இல்லாததைவிட மோசம் என்றே சொல்வேன், ஏனென்றால் மால்வேருக்கும் அந்த விரல்தான் அனுமதி கொடுக்கப்போகிறது.

அந்த விதிவிலக்கு

எல்லாவற்றையும் கேட்பதற்குப் பதில், வீட்டுக் கணினியில் இணையத்துக்குப் போக எந்த நியாயமும் இல்லாத சில நிரல்களை மட்டும் நிரந்தரமாக அடைக்கலாம். இப்போது பரவலாக இருக்கும் ஒரு தந்திரம்: நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் பொத்தானையும் ஆர்-ஐயும் அழுத்துங்கள், பிறகு ஒட்டுங்கள், என்டர் தட்டுங்கள் என்று ஓர் இணையப் பக்கம் சொல்லும். கிளிக்ஃபிக்ஸ் என்று இதற்குப் பெயர். நாமே ஒட்டும் அந்த வரி பெரும்பாலும் விண்டோஸோடு வரும் கட்டளை ஓட்டும் கருவிகளான எம்எஸ்ஹெச்டிஏ-வையோ பவர்ஷெல்லையோ கூப்பிட்டு மீதி நிரலை இணையத்திலிருந்து இறக்கும். அதற்கு வெளியே வழி இல்லையென்றால் முதல் படியிலேயே நின்றுவிடும்.

'அவுட்பவுண்ட் ரூல்ஸ்' பக்கத்தில் 'நியூ ரூல்', 'புரோகிராம்', கோப்பின் முழுப் பாதை, 'பிளாக் த கனெக்‌ஷன்', மூன்று புரொஃபைலுக்கும் டிக், ஒரு பெயர். எம்எஸ்ஹெச்டிஏ, பவர்ஷெல், இவற்றைப் போலவே ஸ்கிரிப்ட் ஓட்டும் டபிள்யூஸ்கிரிப்ட், சிஸ்கிரிப்ட் நான்குக்கும் போடுங்கள். 64-பிட் விண்டோஸில் இவை ஒவ்வொன்றும் சிஸ்டம்32, சிஸ்வாவ்64 என்ற இரண்டு கோப்புறையிலும் இருக்கும் (பவர்ஷெல் மட்டும் அவற்றின் உட்கோப்புறையில்), ஆக எட்டு விதிகள். பவர்ஷெல்லில் மாட்யூல் (கூடுதல் கட்டளைத் தொகுப்பு) இறக்குபவர்களுக்கு மட்டும் இது இடைஞ்சல். இதோடு வீட்டில் நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) எதுவும் இல்லையென்றால், 'போர்ட்' வகை விதியாக, ரிமோட் போர்ட் 445-க்குப் போகும் டிசிபி இணைப்பையும் அடையுங்கள். வெளியிலிருக்கும் சர்வரோடு விண்டோஸைத் தானாக இணையவைத்து கடவுச்சொல்லிலிருந்து கணிக்கப்படும் உள்நுழைவு ஹேஷைக் கறக்கும் தாக்குதல்களுக்கு அது தேவை. 2023 மார்ச்சில் திருத்தப்பட்ட அவுட்லுக் ஓட்டை அப்படிப்பட்டது. மின்னஞ்சலைத் திறக்காமலேயே நடந்தது.

இந்த விதிகளின் பலமெல்லாம் அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்டு கணக்கு வைத்திருப்பதில்தான் இருக்கிறது. அட்மின் கணக்கில் உட்கார்ந்திருந்தால் 'மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா?' என்று கேட்கும் யுஏசி பெட்டி ஒன்றுதான் நடுவில். அதை மைக்ரோசாஃப்டே பாதுகாப்பு எல்லையாகக் கருதுவதில்லை. ஸ்டாண்டர்டு கணக்கில் ஒட்டிய வரியால் விதியை அழிக்க முடியாது. சுற்றிப்போக முடியும்: எம்எஸ்ஹெச்டிஏ-வை வேறு கோப்புறைக்கு நகலெடுத்து ஓட்டலாம், விண்டோஸோடு வரும், பதிவிறக்கம் செய்யும் கர்ல் கருவியைக் கூப்பிடலாம். கர்லையும் அடைக்கலாம், நிரல் எழுதுபவர் இல்லாத வீட்டில் யாருக்கும் அது தேவைப்படாது. மென்பொருளை நிறுவும் எம்எஸ்ஐஎக்ஸெக்கை நான் தொடமாட்டேன். சில நிறுவல்கள் அதன் மூலம்தான் மீதிக் கோப்பை எடுக்கின்றன. விதிகள் போட்டு முடித்ததும் பவர்ஷெல்லைத் திறந்து, இணையப் பக்கத்தைக் கேட்டு வாங்கும் இன்வோக்-வெப்ரிக்வெஸ்ட் கட்டளையில் ஏதாவது ஓர் இணைய முகவரி கொடுத்துப் பாருங்கள். சர்வரோடு இணைய முடியவில்லை என்று சிவப்பில் வர வேண்டும். பக்கம் வந்துவிட்டதென்றால், பெரும்பாலும் இரண்டு பாதைகளில் ஒன்றை விட்டிருப்பீர்கள்.